ரேடார்ப் படத்தில் புள்ளி இரைச்சல்

வெள்ளக் காலத்தில் வானம் தெளிவாக இருப்பதில்லை. செயற்கைக்கோளின் ஒளிப்படக் கருவிக்கு அப்போது தெரிவதெல்லாம் மேகமே. 2018 ஆகஸ்டில் கேரளம் நீரில் மூழ்கியபோது நிலைமையை அறிய உதவியவற்றுள் ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார்ப் படங்களும் உண்டு. ஏறத்தாழ 5.6 செ.மீ. அலைநீளமுள்ள அதன் நுண்ணலைகள் மேகத்தை ஊடுருவும். இரவு பகல் பாரா. அமைதியான நீர்ப்பரப்பு அலையை வேறுபுறம் எதிரொளிப்பதால் படத்தில் கறுப்பாகவும், நிலம் வெளுப்பாகவும் தோன்றும்.

இவ்வளவு எளிதா என்று நண்பர்கள் வினவலாம். எளிதன்று. படத்தைப் பெரிதாக்கினால் ஒரே வயலுக்குள்ளும் அரிசியில் எள் கலந்தாற்போல் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள்! இதனை ஆங்கிலத்தில் 'ஸ்பெக்கிள்' என்பர். நாம் புள்ளி இரைச்சல் எனலாம்.

இரைச்சல் என்னும் பெயர் எனக்கு அவ்வளவாக உடன்பாடன்று. வானொலிக் கரகரப்பைப் போன்றதன்று இது. இயற்பியல் ஆய்வகத்தில் லேசர்க் கதிர் சுவரில் விழுந்த இடத்தை உற்று நோக்கியோர் அங்கே மணிமணியாய் மினுங்கும் புள்ளிகளைக் கண்டிருப்பர். இரண்டிற்கும் காரணம் ஒன்றே. ரேடார் அனுப்புவதும் ஓரியல் அலை. ஒரு படக்கூற்றுக்குள் அடங்கும் நிலத்தில் இலை, கல், மண்கட்டி எனப் பல பொருள்கள் உள்ளன. அவை திருப்பியனுப்பும் அலைகள் வெவ்வேறு கட்டத்தில் வந்து கூடுகின்றன. ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும். அடுத்த இடத்தில் அழிக்கும். ஒற்றைப் பார்வையில் எடுத்த படத்தில், ஒரே தன்மையுள்ள நிலத்தில்கூட, செறிவின் திட்டவிலக்கம் அதன் சராசரிக்குச் சமம். அலைபரப்பியின் ஆற்றலைக் கூட்டியும் பயனில்லை. இரண்டும் சேர்ந்தே உயரும்.

எளிய மருந்து சராசரி எடுப்பது. தனித்தனியான 4 பார்வைகளின் சராசரியில் புள்ளி பாதியாகும். 49இல் ஏழில் ஒன்றாகும். ஆனால் இதற்கு ஒரு விலையுண்டு. சென்டினல் படத்தில் படக்கூறுகளின் இடைவெளி 10 மீட்டர். ஆகவே 7க்கு 7 சாளரம் என்பது நிலத்தில் 70 மீட்டர். குட்டநாட்டில் கடல்மட்டத்திற்கும் தாழ்ந்த வயல்களைச் சூழ்ந்த கரைகளில் மக்கள் வாழ்கின்றனர். அத்தகைய கரையொன்று படத்தில் ஒரு படக்கூறு அகலமே இருப்பின், 49இல் அதன் பங்கு 7. எஞ்சிய 42 நீர். சராசரியில் கரை மங்கிவிடும். கணிப்பொறி அதனையும் நீரெனக் குறித்துவிடக்கூடும். படகு அனுப்புவோர் தேடுவதோ அந்தக் கரையைத்தான்!

அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜாங்-சென் லீ 1980இல் வெளியிட்ட முறை இங்குதான் கைகொடுக்கின்றது. சாளரத்திற்குள் மாறுபாடு எவ்வளவு என்று அது முதலில் கணக்கிடும். புள்ளி இரைச்சலால் மட்டுமே விளையக்கூடிய அளவெனில் சராசரியை இடும். அதற்கு மிக மேற்பட்டால், அங்கே உண்மையான பொருளொன்று உண்டெனக் கொண்டு படக்கூற்றைப் பெரும்பாலும் அப்படியே விடும். இடைப்பட்டால் இரண்டையும் கலக்கும். விளிம்புகளில் புள்ளிகள் எஞ்சும் என்பது குறையே. ஆயினும் கரை தப்பும். எனக்கு அது போதும்.

பல நாட் படங்களைச் சராசரியாக்கலாமே எனின், செயற்கைக்கோள் ஒன்று அதே பாதைக்கு மீள 12 நாள் ஆகும். வெள்ளம் அதுவரை காத்திராது. பயிற்சி பெற்ற கணிப்பொறி வலைகள் இன்று கண்கவர் படங்களைத் தருகின்றன. கண்ணுக்கு அழகாயிருப்பது சான்றாகாது என்பேன். மூலப்படத்தை வடிகட்டிய படத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஈவில் வெறும் புள்ளிகளே இருத்தல் நன்று. அங்கே கரையின் கோடு தெரிந்தால் வடிகட்டி கரையையும் தின்றுவிட்டது. சாளரத்தைச் சிறிதாக்கி மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.