புலனாய்வு இதழியலும் பொருளுதவியும்: காஞ்சிபுரத்தை முன்வைத்து

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆழ்ந்து ஆராய்ந்து எழுதப்பட வேண்டிய செய்திகளுக்குக் குறைவில்லை. முன்பணக் கடனுக்குக் கட்டுப்பட்டுப் பட்டு நெய்யும் குடும்பங்கள், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் பதனிடும் ஊர்களைக் கடந்து வரும் பாலாறு, 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத் திட்டமும் அதை எதிர்த்துப் போராடிவரும் ஏகனாபுரம் மக்களும், திருப்பெரும்புதூர் வட்டாரத்து மின்னணு ஆலைகளில் பணிபுரியும் இளம்பெண்கள் என ஒவ்வொன்றும் சுற்றுச்சூழலோடும் மக்களின் வாழ்வுரிமையோடும் பின்னிக் கிடப்பதாகும். இவை குறித்து அன்றாடம் சிறு செய்திகள் வந்தவண்ணம் இருக்கின்றன. ஆனால் நேர்ந்த தீங்குக்குக் காரணம் எது, பொறுப்பாளி யார் என்பதைச் சான்றுகளோடு நிறுவி எழுதுவதற்கு மாதக்கணக்கில் காலம் தேவைப்படுகிறது. அந்தக் காலத்துக்குரிய ஊதியத்தையும் பயணச் செலவையும் ஏற்க ஒருவர் முன்வராவிட்டால், அச்செய்தி எழுதப்படாமலே போகிறது. இத்தகைய பணிக்காகச் செய்தியாளருக்குத் தரப்படும் தொகை நல்கை எனப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட காலம் முழுவதும் ஒரே பொருளில் ஈடுபடுவதற்கு உதவித்தொகையாக வழங்கப்படும்போது அது ஆய்வு நல்கை ஆகிறது.

இதற்கு ஏன் இவ்வளவு காலமும் பொருளும் வேண்டும் என்பதைத் தறியிலிருந்தே விளக்கலாம். காஞ்சிபுரம் பட்டின் தனிச்சிறப்பான கோர்வை முறையில், சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறங்களில் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு, ஊடை இழை ஒவ்வொன்றிலும் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. நெசவாளர் தம் பக்கத்து நாடாவை எறிந்துகொண்டிருக்கையில், மறுபக்கக் கரையின் நாடாவை எறிய இன்னொருவர் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் நெடுங்காலமாகச் சிறுவர்களும் சிறுமியரும் அமர்த்தப்பட்டனர். பெற்றோர் வாங்கிய முன்பணம் தீரும்வரை பிள்ளை தறியை விட்டு எழ முடியாத அந்த நிலையை, கர்நாடகம், உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் பட்டுத்தொழிலை ஆராய்ந்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்து 2016இல் திருத்தப்பட்டது. எனினும் அந்தத் திருத்தம், பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்திலும் விடுமுறையிலும் ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என ஒரு விலக்கைத் தந்திருக்கிறது. தறி பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் ஊரில், உதவி எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது என்பதை வாசலில் நின்று அறிந்துவிட முடியாது.

இன்றைய நிலை என்ன என்பதை ஒரு செய்தியாளர் அறிய விரும்பினால், பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளுக்குப் பலமுறை சென்று, கடன் பற்றி வாய்திறக்கத் தயங்கும் குடும்பங்களின் நம்பிக்கையைப் பெற்ற பின்னரே கேள்விகளைத் தொடங்க இயலும். மறுபுறம் அரசு ஆவணங்களையும் அவர் தேட வேண்டும். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு மேலும் 30 முதல் 45 நாட்கள், அதன் பிறகு மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு என ஒரே கேள்விக்கு அரையாண்டு கழிவது இயல்பு. வெளிவந்த பின்னர் அவதூறு வழக்கு தொடரப்படலாம் என்பதால், வெளியிடுவதற்கு முன்னரே வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்க்கவும் பொருள் வேண்டும். எழுதிய பத்திகளுக்கு மட்டும் ஊதியம் பெறும் பகுதிநேரச் செய்தியாளர் ஒருவர் இந்தச் சுமையைத் தனியே தாங்க முடியாது. தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

வளம் படைத்த நிறுவனம் காலத்தையும் ஆளையும் ஒதுக்கும்போது நிகழ்வது என்ன என்பதற்குக் காஞ்சிபுரம் மாவட்டமே சான்று. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், திருப்பெரும்புதூரை அடுத்த பாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்கள் வேலைக்கு எடுக்கப்படாமல் ஒதுக்கப்படுவதாக நீண்ட புலனாய்வுக்குப் பின் எழுதியது. பாகுபாடு காட்டுவதாகக் கூறுவதை பாக்ஸ்கான் மறுத்தது. எனினும் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது, தேசிய மனித உரிமைகள் ஆணையமும் தானாக முன்வந்து விளக்கம் கோரியது. அந்த ஆலைகளின் வாயிலில் அன்றாடம் நிற்கக்கூடியவர்கள் உள்ளூர்த் தமிழ்ச் செய்தியாளர்களே. அவர்களுக்கு மொழியும் தெரியும், முகங்களும் தெரியும். உலகச் செய்தி நிறுவனம் ஒன்று தன் செய்தியாளருக்குத் தர முடிந்த காலம் மட்டும் அவர்களிடம் இல்லை.

தனி மனிதருக்குத் தரப்படும் சிறு தொகையும் பெரும் விளைவை உண்டாக்கியதற்கு இதழியல் வரலாற்றில் நன்கறியப்பட்ட சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் 1969இல் பிலிப் ஸ்டெர்ன் என்பவர் புலனாய்வு இதழியல் நிதியம் ஒன்றை நிறுவினார். வியட்நாமின் மை லாய் கிராமத்தில் பொதுமக்களை அமெரிக்கப் படையினர் கொன்றது குறித்த துப்பைத் தொடர்ந்து செல்ல, சீமோர் ஹெர்ஷ் என்ற தனிச் செய்தியாளருக்கு அந்நிதியம் முதலில் அளித்தது வெறும் 250 டாலர்; பின்னர் 2,000 டாலர். அந்தச் செய்தி போரைப் பற்றிய அமெரிக்க மக்களின் கருத்தையே அசைத்தது. ஹெர்ஷுக்கு 1970இல் புலிட்சர் பரிசும் கிடைத்தது.

இந்தியாவில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது, சென்னையில் பிறந்த பி. சாய்நாத் 1993இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழிடம் பெற்ற ஆய்வு நல்கை. நாட்டின் மிக வறிய மாவட்டங்களில் மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை அறிய அவர் ஐந்து மாநிலங்களில் அலைந்தார்; தமிழ்நாட்டின் இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அவற்றுள் அடங்கும். 84 கட்டுரைகளாக வெளிவந்த அந்த உழைப்பே 1996இல் நூலாகி, வறட்சி நிவாரணம் என்ற பெயரில் நடப்பது யாருக்கு ஆதாயம் என்ற கேள்வியைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. அவர் 2014 டிசம்பரில் தொடங்கிய பாரி என்னும் ஊரக இந்திய மக்கள் ஆவணகம், இன்று பிறருக்கு நல்கை அளிக்கும் இடத்தில் இருக்கிறது. அந்த நல்கையை 2019இல் பெற்ற ஒளிப்படக் கலைஞர் எம். பழனிக்குமார், மதுரையில் மீன் விற்கும் தாயின் மகன். துப்புரவுத் தொழிலாளர்களையும் மீனவப் பெண்களையும் அவர் எடுத்த படங்கள், அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவரால் மட்டுமே எடுக்கக்கூடியவை. நல்கை என்பது செய்தியை மட்டுமன்றி, செய்தி எழுதுவோர் யார் என்பதையும் மாற்றவல்லது என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான சான்று தேவையில்லை.

உலக அளவில் வாயில்கள் பல திறந்துள்ளன. 2006இல் வாஷிங்டனில் தொடங்கப்பட்ட புலிட்சர் மையம், 2004இல் இன்டர்நியூஸ் அமைப்பு உருவாக்கிய புவி இதழியல் வலையமைப்பு ஆகியவை சுற்றுச்சூழல் புலனாய்வுக்கு வளரும் நாடுகளின் செய்தியாளர்களுக்கும் உதவுகின்றன. ஆனால் இந்தியச் செய்தியாளர் அங்கே கைநீட்டும் முன் ஒரு சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன் 3ஆம் பிரிவு, பதிவு பெற்ற செய்தித்தாளின் செய்தியாளர், பத்தி எழுத்தாளர், கேலிச்சித்திரக்காரர், ஆசிரியர், உரிமையாளர், வெளியீட்டாளர் ஆகியோரும், ஒலி, காட்சி வழிச் செய்தி நிறுவனங்களும் அவற்றின் செய்தியாளர்களும் வெளிநாட்டு நன்கொடை பெறுவதைத் தடை செய்கிறது. 4ஆம் பிரிவு சில விலக்குகளைத் தருகிறது: உரிய ஊதியமாகவோ, படிப்புதவித் தொகை, உதவித்தொகை போன்றவையாகவோ வருவது தடைக்குள் வராது. ஒரு குறிப்பிட்ட நல்கை இவற்றுள் எதில் அடங்கும் என்பதை விண்ணப்பிக்கும் முன்னரே சட்டம் அறிந்தவரிடம் கேட்டுத் தெளிவது கட்டாயமாகும். ஏனெனில் மீறலுக்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

ஆகவே உள்நாட்டு நிதியே பாதுகாப்பானது. அது குறைவாக இருப்பதுதான் வருத்தத்துக்குரியது. 1992இல் தொடங்கப்பட்ட தேசிய அறக்கட்டளையான நேஷனல் பவுண்டேஷன் ஃபார் இந்தியா, இந்திய மொழிச் செய்தியாளர்களையும் கருத்தில் கொண்டு ஊடக நல்கைகளை அளித்து வந்திருக்கிறது. பெங்களூருவில் 2015இல் உருவான பொதுநல ஊடக அறக்கட்டளை, அசிம் பிரேம்ஜி, ரோகிணி நீலேகணி போன்ற இந்தியக் கொடையாளர்களின் பொருளைக் கொண்டு இயங்குவது. எனினும் அது தனியாளுக்கன்றி ஊடக நிறுவனங்களுக்கே உதவுகிறது. 2022 செப்டம்பரில் வருமான வரித் துறையின் ஆய்வுக்கு அந்த அறக்கட்டளையும் உள்ளானது என்பதால், உள்நாட்டுக் கொடையாளர்களும் அச்சமின்றிக் கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது.

நல்கைக்கு விண்ணப்பிப்பது தனியொரு திறமை. உள்ளூர்ச் செய்தியாளர்களுக்கு அதை யாரும் கற்றுத் தருவதில்லை. பாலாறு மாசுபட்டிருக்கிறது என்று எழுதி அனுப்பினால் எந்த நிதியமும் ஏற்காது, ஏனெனில் அது அனைவரும் அறிந்தது. உச்ச நீதிமன்றம் 1996இலேயே தோல் ஆலைகள் வழக்கில் மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை வகுத்து, 2025 ஜனவரியில் மீண்டும் அதே ஆற்றுக்காகத் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த இழப்பீடு யாரைச் சென்றடைந்தது, ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஊர்கள் கணக்கில் சேர்க்கப்பட்டனவா என்று கேட்பதே புலனாய்வுக் கேள்வி. அந்தக் கேள்வியோடு, அதற்கு விடை தரக்கூடிய ஆவணங்கள் எவை, செல்ல வேண்டிய ஊர்கள் எவை, செலவு எவ்வளவு, எந்த மாதத்துக்குள் முடியும் என்பனவும், வெளியிட ஒப்புக்கொண்ட இதழின் கடிதமும் முன்மொழிவில் இருக்க வேண்டும். பன்னாட்டு விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கேட்கப்படுவதால், தமிழில் மட்டும் எழுதும் திறமையாளர்கள் வாயிலிலேயே நின்றுவிடுகிறார்கள். இது திருத்தப்பட வேண்டிய அநீதி.

பொருள் தருபவரின் விருப்பம் எழுத்துக்குள் நுழையாமல் காப்பது அடுத்த கடமை. பட்டு வணிகர் ஒருவரின் கொடையில் நெசவாளர் கடனைப் பற்றிய புலனாய்வு நடந்தால், எழுதப்பட்டதைக் கொடையாளர் முன்கூட்டிப் படிக்கவோ திருத்தவோ கூடாது என்பதும், பொருள் வந்த வழி வாசகருக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்பதும் எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும். இதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியற்றவர் என்று விதிக்கின்றன. பொதுப்பொருளைக் கையாள்வோருக்கு இவ்வளவு கடுமையாக விதி செய்த மண்ணில், ஒரு செய்தியாளர் நிதியத்துக்கு நேர்மையான விதிமுறை வகுப்பது இயலாத செயலன்று. அறக்கட்டளை என்னும் ஏற்பாடும் இங்கே பழையது: சோழர் காலத்தில் கோயிலில் அணையாது எரியும் ஒரு நந்தா விளக்குக்கு வழக்கமாக 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன, மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காத்து, நெய்யை மட்டும் விளக்குக்கு அளப்பது பெற்றவரின் கடமை. முதல் கரையாமல் வருவாயில் மட்டும் செலவிடும் அதே முறையில்தான் உலகின் உறுதியான நிதியங்கள் பலவும் இயங்குகின்றன.

தமிழர்களுக்குப் பொருள் திரட்டும் ஆற்றல் இல்லை என்று சொல்ல முடியாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் டாலர் 2018க்குள் திரட்டப்பட்டது. அயல்நாட்டில் வாழ்ந்தாலும் இந்தியக் குடியுரிமை உடையவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை, சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு நன்கொடை ஆகாது; வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவரின் கொடைக்கே தடை பொருந்தும். எனவே சிங்கப்பூரிலும் துபாயிலும் பணியாற்றும் இந்தியக் குடிமக்களும், தமிழகத்து வணிகர்களும், பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, தமிழில் விண்ணப்பம் பெற்று, ஆண்டுக்கு இரண்டு மூன்று மாவட்டச் செய்தியாளர்களுக்கேனும் ஓராண்டு ஊதியமும் வழக்கறிஞர் துணையும் அளிக்கும் நிதியம் ஒன்றைத் தொடங்க வேண்டும். அதன் முதல் நல்கைகளுள் ஒன்று காஞ்சிபுரத்துத் தறிக்கடனை ஆராய்வோருக்குச் செல்ல வேண்டும்.