சுவரில் ஒரு சித்திரம்

பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். பெட்டி படுக்கையோடு நாம் கொண்டு வந்தவற்றுள் பெரியோர் பூசித்த படமும் ஒன்று. அதைச் சுவரில் மாட்டிய பிறகே குடக்கூலி வீடும் நம் வீடாகிறது. ஆயினும், மாட்டும் முறையைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை.

மைசூர் அக்ரஹாரத்துப் பழைய வீடுகளைப் போன்றவற்றில், படங்களை நிலைக்கு மேலே, முன்புறம் சற்றே சாய்த்து மாட்டுவது வழக்கம். பாயில் அமர்ந்து அண்ணாந்து பார்ப்போருக்குச் சாய்ந்த படமே நேராகத் தெரியும். கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கூசுவதும் குறையும். நாற்காலியில் அமர்ந்தும் நின்றும் பார்க்கும் இடங்களில், படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பது நலம். கலைக்கூடங்கள் பலவும் ஏறக்குறைய இவ்வளவையே கையாளுகின்றன.

அடுத்தது வெளிச்சம். 1861இல் கட்டப்பெற்ற ஜகன்மோகன் அரண்மனை, 1915இல் கலைக்கூடமாயிற்று. அங்கே ஹல்தன்கர் தீட்டிய விளக்கேந்திய மங்கையின் சித்திரத்தை இருட்டறையில் வைத்துக் காட்டினார்கள். தீபத்தின் ஒளி முகத்தில் படர்வது இருளிலேதான் சிறக்கும். அதோடு, நீர்வண்ணம் வெயிலில் வெளுத்துப்போகும் தன்மையது. ஆகவே நம் படங்களையும் நேர்வெயில் படாத சுவரில் மாட்டுவதே முறை.

வெயிலினும் கொடிது ஈரம். எங்கள் தாயார் தஞ்சையிலிருந்து கொண்டு வந்த கிருஷ்ணன் படத்தை, சாரல் அடிக்கும் மேற்குச் சுவரில் மாட்டினோம். ஒரு மழைக்காலம் கழிந்து கழற்றிப் பார்த்தபோது, பலகையின் பின்புறம் பூசணம் பிடித்திருந்தது. பாலகனின் காலடியில் பொன்ரேக்கு உரிந்து சுருண்டிருந்தது. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. அம்மௌனமே எங்களுக்குப் பாடமாயிற்று.

ஆதலால் வெளிச்சுவரைத் தவிர்த்து உட்சுவரைத் தேர்ந்துகொள்க. சட்டத்தின் நான்கு மூலைகளிலும் பின்புறம் தக்கைத் துண்டுகளை ஒட்டினால், இடையே காற்று உலாவும். தஞ்சை, மைசூர் சித்திரங்களில் பொன்ரேக்கின் அடியில் இருப்பது பசையிட்டுக் குழைத்த பூச்சு. அது நீரைத் தாங்காது. ஈரத்துணியால் துடைத்தல் கூடாது. சந்தனமும் குங்குமமும் இடுவதானால் கண்ணாடிமேல் இடலாம். ஊதுபத்தியைச் சற்றுத் தள்ளி வைத்தால் புகை படியாது.

இனி ஆணி. சுண்ணாம்புக் காரைச் சுவரில் நேரே அடித்தால் காரை பெயரும். துளையிட்டு, மர ஆப்பு இறக்கி, அதில் திருகாணியைப் பொருத்துவதே நன்று. ஒன்றுக்கு இரண்டு கொக்கிகள் இருந்தால் பாரம் பகிரப்படும், படமும் கோணாது. சணற்கயிறு நாளடைவில் இற்றுப்போகும். முறுக்கிய உலோகக் கம்பியே உறுதி. வீட்டுக்காரர் பல ஆணிகளுக்கு இசையாவிடில், அவர் அனுமதியோடு சுவரின் மேற்புறத்தில் ஒரே ஒரு மர ரீப்பரைப் பொருத்தி, அதிலிருந்து எல்லாப் படங்களையும் தொங்கவிடலாம். வீடு மாறுகையில் படங்களோடு ரீப்பரும் உடன் வரும். சுவருக்கும் சேதம் மிகக் குறைவு.

ஆண்டுக்கு ஒருமுறையேனும், மழை ஓய்ந்ததும், படங்களை இறக்கிப் பின்புறத்தைப் பார்த்துவிடுவோமாக. முன்புறம் நாள்தோறும் நம் கண்ணில் படுகிறது. கேடு தொடங்குவது பின்புறத்தில்.