டிரெய்லரின் உள் டயரில் காற்று எவ்வளவு?

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியே புதுச்சேரியை நோக்கி வரும் நெடுஞ்சாலையும், வேலூரிலிருந்து போளூர் வழியே விழுப்புரத்துக்கு இறங்கும் நெடுஞ்சாலையும் திருவண்ணாமலையில் ஒன்றையொன்று சந்திப்பதால், அண்ணாமலையாரின் ஊர் யாத்ரிகர்களுக்கு மட்டுமின்றி லாரிக்காரர்களுக்கும் நெடுங்காலமாக ஒரு தங்கல் ஸ்தானமாக இருந்து வருகிறது. கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் ஜனங்கள் லட்சக்கணக்கில் கூடும்போது கனரக வண்டிகளை ஊருக்குள் விடாமல் திருப்பிவிடுவது வழக்கம். அத்தகைய நாட்களில் ஊரெல்லைக்கு வெளியே வரிசையாக நிற்கும் லாரிகளின் ஓரமாக நடந்து போகிறவர், கையில் இரும்பு ராடுடன் இறங்கி ஒவ்வொரு டயரையும் ஓங்கித் தட்டி, ராடு துள்ளும் வேகத்தையும் எழும் ஓசையையும் கொண்டு காற்றின் அளவை நிதானிக்கும் கிளீனர் ஒருவரையாவது பார்க்காமல் போகமாட்டார்.

தட்டிப் பார்க்கும் இந்தச் சம்பிரதாயத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. அடியோடு காற்றிறங்கிய டயரை அது உடனே காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் பாரம் ஏற்றும் லாரி டயரில் சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டு காற்று இருக்கவேண்டிய இடத்தில் 96 பவுண்டு மட்டுமே இருந்தால், கண்ணுக்கு அது நிறைந்த டயராகவே தோன்றும். ராடின் ஓசையிலும் வித்தியாசம் தெரியாது. குறித்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த காற்றோடு ஓடிய டயரை, காற்றே இல்லாமல் ஓடிய டயராகப் பாவித்து, கழற்றி உட்புறம் சோதித்த பிறகே மறுபடி மாட்டவேண்டும் என்பது டயர்த் தொழிலில் வேரூன்றிய விதி. அதாவது, கிளீனரின் செவிக்கு எட்டாத குறைவே டயரின் ஆயுளைத் தின்னத் தொடங்கிவிடுகிறது.

இரட்டை டயர் பூட்டிய அச்சுகளில் சங்கடம் இன்னும் அதிகம். ஜோடியில் ஒன்று தளர்ந்தால் அதன் பாரத்தையும் மற்றதே தாங்குகிறது. தளர்ந்தது சும்மா இராமல், சுற்றுக்குச் சுற்று பக்கச்சுவர் மடிந்து மடிந்து நிமிர்ந்து உஷ்ணத்தை உண்டாக்குகிறது. அந்த உஷ்ணம் பக்கத்து டயரையும் பற்றிக்கொள்ள, ரப்பர் உரிந்து சாலையில் பட்டை பட்டையாகச் சிதறுவதும், சில வேளைகளில் டயர் தீப்பற்றி எரிவதும் நேர்கின்றன. வாயு ஸ்தலம் காளஹஸ்தி, அக்னி ஸ்தலம் அண்ணாமலை என்று க்ஷேத்திரங்களைப் பிரித்துவைத்தார்கள் பெரியோர். லாரிச் சக்கரத்திலோ வாயு குறைந்த இடத்திலேயே அக்னி தோன்றிவிடுகிறது. 2018-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பாரத்தின் வரம்பை உயர்த்தி, நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்ததை 11.5 டன்னாக்கியது. அவ்வளவு கூடுதல் பாரத்தையும் சுமப்பது அதே காற்றுதான்.

டயருக்குள் இருக்கும் காற்றை அளந்து ஓட்டுநரின் முன்னே எண்ணாகக் காட்டும் சென்சார் புதிய யுக்தியன்று. 1986-இல் போர்ஷே 959 என்னும் காரிலேயே அது இடம்பெற்றது. அமெரிக்கா 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாகச் சிறிய வண்டிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் புதிய லாரிகளுக்கும் கனரக டிரெய்லர்களுக்குமே அது கட்டாயம். நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தமோ, 3.5 டன்னுக்கு மேற்படாத வண்டிகளில் டியூப் இல்லாத டயரும் இந்தச் சாதனமும் பஞ்சர் ஒட்டும் கருவியும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டியதில்லை என்று சலுகை கொடுத்ததோடு நின்றுவிட்டது. ஆகவே பெரிய லாரிக்கு எதைப் பூட்டுவது என்னும் நிர்ணயம் முதலாளியின் விவேகத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது. விவேகம் குறைந்த இடத்தில் விளம்பரம் புகுந்துவிடுகிறது.

விளம்பரத்தில் முதலில் கண்ணைப் பறிப்பது வர்ணத் திரை. வாங்குகிறவர் முதலில் பார்க்கவேண்டியதோ தம் டயரில் டியூப் இருக்கிறதா என்பதை. சக்கர வளையத்துக்குள்ளே வால்வின் அடியில் பொருத்தும் சென்சார் உறுதியிலும் உஷ்ணத்தைச் சரியாக அளப்பதிலும் மேலானதுதான். ஆனால் அது டியூப் இல்லாத டயருக்கே உரியது. நம் பக்கத்தில் டியூபும் ஃபிளாப்பும் போட்ட டயர்களோடு ஓடும் லாரிகளும் டிரெய்லர்களும் இன்னும் ஏராளம். அவற்றில் வால்வு டியூபோடு ஒட்டியது என்பதால், வால்வின் தலையில் மூடியைப் போலத் திருகும் வெளிச் சென்சாரைத் தவிர வேறு கதியில்லை.

இந்த மூடிச் சென்சாரைச் சற்று கிட்ட நின்று பார்க்கவேண்டும். காற்றை அளப்பதற்காக அது வால்வின் ஊசியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஆகையால் காற்றை அடைத்து நிற்பது வால்வு அன்று, மூடிக்குள் இருக்கும் சிறு ரப்பர் வாஷர். அந்த வாஷர் இற்றுப்போனால் காவலுக்கு வைத்த கருவியே களவுக்கு வழி செய்துவிடும். பூட்டிய கையோடு பஞ்சர் கடைக்காரரிடம் சொல்லி ஒவ்வொன்றையும் சோப்பு நுரை தடவிப் பார்த்துவிடுவது நல்லது. உள் டயரின் வால்வை வெளியே எட்டச்செய்ய மாட்டும் ரப்பர் நீட்டுக்குழாயின் நுனியில் இதைத் திருகினால், ஓட்டத்தில் ஆடி ஆடி குழாய் வெடித்துவிடும். உலோக நீட்டுக்குழாய் வைத்து, அதையும் வளையத்தோடு அசையாமல் பிடித்துக் கட்டியிருக்கவேண்டும். திருடர் பயத்துக்காகச் சிலவற்றில் அடியில் ஒரு நட்டு கொடுத்திருப்பார்கள். காற்றடிக்கும் ஒவ்வொரு தடவையும் பதினெட்டு சக்கரத்துக்கும் ஸ்பானர் பிடித்துக் கழற்றிப் பூட்ட நேர்ந்தால், சில மாதங்களில் பாதி சென்சார்கள் கேபின் பெட்டிக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். கழற்றாமலே ஊடே காற்றடிக்க இடம் கொடுக்கும் வகை கிடைக்கிறது; கூடுதல் விலை கொடுத்தாலும் அதுவே எனக்கு உசிதமாகப் படுகிறது. ஒவ்வொரு மூடியும் இன்ன சக்கரத்துக்கு என்று பதிவானது. டயரை முன்பின் மாற்றும்போது மூடி பழைய இடத்துக்கே திரும்பாவிட்டால், எச்சரிக்கை வேறு சக்கரத்தைக் காட்டும்.

உஷ்ணத்தின் கணக்கு பலரை ஏமாற்றுகிறது. விடியற்காலையில் 30 டிகிரியில் 120 பவுண்டு இருந்த டயர், வெயிலிலும் ஓட்டத்திலும் உட்காற்று 60 டிகிரியை எட்டும்போது, ஒருவரும் காற்றடிக்காமலே சுமார் 133 பவுண்டாகிறது. இதைக் கண்டு பயந்து நடுவழியில் காற்றை இறக்கிவிடுகிறவர்கள் மறுநாள் குறைந்த காற்றோடு புறப்படுகிறார்கள். அதைவிட வஞ்சகமானது இதன் மறுபக்கம்: காலையில் 107 பவுண்டு மட்டுமே இருந்த டயர் மத்தியானச் சூட்டில் ஏறக்குறைய 120 காட்டி, எல்லாம் சரியாக இருப்பதாகச் சாட்சி சொல்லும். எனவே காற்றோடு உஷ்ணத்தையும் சேர்த்து அறிவிக்காத சென்சாரை வாங்குவது வீண் செலவு. வால்வு நுனியில் காற்று பட்டுக் குளிர்வதால் மூடிச் சென்சார் காட்டும் உஷ்ணம் மெய்யான அளவைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதையும் நினைவில் வைத்து, எச்சரிக்கை எல்லையைக் குளிர்ந்த டயரின் அளவைக்கொண்டு அமைத்து, பத்து முதல் பதினைந்து சதவீதக் குறைவிலேயே மணியடிக்கும்படி செய்யவேண்டும். சில கருவிகளில் வாங்கும்போதே இருக்கும் 25 சதவீத எல்லை, மேலே சொன்ன விதிப்படி, டயர் கெட்டபின் அடிக்கும் மணி.

டிரெய்லர் வண்டிக்கு வந்தால் வேறொரு சிக்கல். நாற்பதடி டிரெய்லரின் கடைசி அச்சிலிருந்து, இரும்புச் சட்டங்களையும் ஏற்றிய கருங்கல் பாளங்களையும் தாண்டி, சிறு பித்தான் பாட்டரியின் பலத்தில் புறப்படும் ரேடியோ அலை ஓட்டுநரின் திரைக்கு எட்டுவது சந்தேகம். இடையில் அதை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று அவசியம். அதற்கு மின்சாரத்தைப் பின்விளக்குக் கம்பியிலிருந்து மட்டும் எடுத்துவிட்டால், விளக்கு எரியாத பகல் முழுவதும் அது மௌனம் சாதிக்கும். வெயில் கொளுத்தும் பகலில்தானே அதன் பேச்சு நமக்கு வேண்டும்! இன்றைக்கு ஒரு டிரெய்லர், நாளைக்கு வேறொன்று என்று மாற்றி இழுக்கும் வண்டியானால், டிரெய்லர்கள் பலவற்றின் சக்கரங்களை ஞாபகத்தில் வைத்திருந்து, கோத்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளும் கருவியையே கேட்டு வாங்கவேண்டும். இல்லாவிட்டால் கொக்கி மாட்டும்போதெல்லாம் பதிவு வேலையே ஒரு பிரயாணமாகிவிடும்.

கரும்பு அறுவடைக் காலத்தில் சர்க்கரை ஆலைகளை நோக்கி ஊர்ந்து போகும் டிராக்டர் டிரெய்லர்களுக்கும் இது வேண்டுமா என்று கேட்கலாம். மந்தமாகச் செல்லும் வண்டியில் டயர் அவ்வளவாகச் சூடேறுவதில்லை; காலையில் ஒரு நல்ல கேஜ் வைத்துப் பார்த்தாலே போதும். அந்தப் பணத்தில் பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் பிரதிபலிக்கும் பட்டையும் போட்டால் இரவில் பின்தொடர்ந்து வருகிறவர்கள் பிழைப்பார்கள்.

எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே சமயத்தில் வாங்கப் பணம் போதாத டிரெய்லர் முதலாளிகள் பலர் முன் சக்கரங்களிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். முன் டயர் வெடித்தால் வண்டி கைமீறிவிடும் என்னும் அவர்கள் அச்சம் நியாயமானதே. ஆயினும் முன் டயர் மெல்லத் தளர்ந்தால் ஸ்டியரிங் ஓட்டுநரின் கைக்குச் சொல்லிவிடுகிறது. இறங்கும்போதெல்லாம் அது கண்ணிலும் படுகிறது. டிரெய்லரின் உள் டயரோ கைக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. ஆதலால் பாதிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், டிரெய்லரின் உள் டயர்களுக்கே அதை முதலில் செலவிடுங்கள்.