‘எ யுனைடெட் கிங்டம்’: காதல், அகமணம், அதிகாரம்



நினைவுச் சொற்பொழிவுக்குக் காதல் படம் ஒன்றையா பேசுபொருளாக எடுப்பது என்று சிலருக்குத் தோன்றலாம். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே, சாதி மறுத்து மணந்த இணையரைப் பட்டப்பகலில் வெட்டினார்கள். தலித் இளைஞர் இறந்தார். அதே ஆண்டில்தான் ‘எ யுனைடெட் கிங்டம்’ என்ற ஆங்கிலப் படம் வெளியானது. யார் யாரை மணக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள இந்தப் படம் நமக்கு உதவும். அது சொல்லாமல் விட்டவையும் உதவும்.

படத்தை இயக்கியவர் அம்மா அசான்டே. கானா நாட்டுப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த கறுப்பினப் பெண் இயக்குநர். சூசன் வில்லியம்ஸ் எழுதிய வரலாற்று நூலை அடிப்படையாகக் கொண்ட படம். நாயகன் செரெட்ஸே காமா, இன்றைய போட்ஸ்வானாவின் முதல் குடியரசுத் தலைவர். அன்று அந்நாட்டின் பெயர் பெச்சுவானாலாந்து, பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த நிலம். பமங்வாட்டோ மக்களின் தலைமைப் பொறுப்புக்கு உரிய வாரிசான செரெட்ஸே, சட்டம் படிக்க லண்டன் போனார். 1947இல் ரூத் வில்லியம்ஸைச் சந்தித்தார். ரூத் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த வெள்ளையினப் பெண். 1948 செப்டம்பர் 29 அன்று இருவரும் மணந்துகொண்டார்கள்.

அந்தத் திருமணத்தை மூன்று இடங்களிலிருந்து தடுத்தார்கள். முதலாவது, குடும்பம். ரூத்தின் தந்தை எதிர்த்தார். செரெட்ஸேயின் சார்பில் ஆட்சி நடத்திவந்த சிற்றப்பா ட்ஷெக்கெடி காமாவும் எதிர்த்தார். ஒரு குடும்பம் வெள்ளை, மற்றது கறுப்பு. மறுப்பு மட்டும் ஒன்றாக இருந்தது. இரண்டாவது, மதம். தேவாலயத்தில் மணம் செய்ய முயன்றபோது, அரசு ஒப்புக்கொண்டால்தான் முடியும் என்று லண்டன் பிஷப் கைவிரித்தார். கடைசியில் கென்சிங்டன் பதிவு அலுவலகத்தில்தான் மணம் நடந்தது. மூன்றாவது, அரசு. இதுதான் நீண்ட கை.

பெச்சுவானாலாந்துக்கு அண்டை நாடு தென்னாப்பிரிக்கா. அங்கே 1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1949இல் கலப்பு மணத்தைத் தடைசெய்து சட்டம் போட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்பினத் தலைவர் வெள்ளை மனைவியோடு மதிப்பாக வாழ்வது அந்த அரசுக்குப் பொறுக்கவில்லை. பிரிட்டனுக்கோ தென்னாப்பிரிக்காவின் தங்கமும் யுரேனியமும் வேண்டும். எனவே செரெட்ஸே தலைமைக்குத் தகுதியானவரா என்று ஆராய நீதிபதி ஹாரகின் தலைமையில் விசாரணை வைத்தார்கள். அவரிடம் வேறு குறை ஏதும் இல்லை, இந்தத் திருமணம் அண்டை நாடுகளின் பகையைத் தேடித்தரும் என்பதே தடை என்றது அறிக்கை. உண்மையை இவ்வளவு பச்சையாகச் சொன்னதாலேயே அந்த அறிக்கையைப் பல பத்தாண்டுகள் பூட்டிவைத்தார்கள். 1950இல் பேச்சுவார்த்தை என்று லண்டனுக்கு அழைத்து, அவர் சொந்த மண்ணுக்குத் திரும்பத் தடை விதித்தார்கள். அப்படிச் செய்தது அட்லியின் தொழிற்கட்சி அரசு. 1952இல் அந்தத் தடையை நிரந்தரமாக்கியது சர்ச்சிலின் அரசு. இந்த விஷயத்தில் இரண்டு கட்சிகளுக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

படம் இவற்றில் பலவற்றைக் காட்டுகிறது. ஆனால் காதல் படத்துக்கே உரிய ஒரு பழக்கம், வெற்றியை இருவரின் உறுதியில் மட்டும் வைத்துவிடுவது. வரலாற்றில் கூட்டத்தின் பங்கு பெரிது. கோட்லா என்பது அம்மக்களின் ஊர்ச்சபை. 1948இல் நடந்த கூட்டங்களில் எதிர்ப்பே மேலோங்கியிருந்தது. 1949 ஜூனில் கூடிய சபையில் பெரும்பான்மையோர் செரெட்ஸேயை அவர் மனைவியோடு ஏற்றார்கள். அவரை நாடு கடத்திய முடிவை அறிவிக்க பிரிட்டிஷ் உயர் ஆணையர் செரோவேக்கு வந்தபோது, மக்கள் சபைக்குப் போகாமல் புறக்கணித்தார்கள். பேரரசின் பிரதிநிதி வந்து நின்ற இடத்தில் கேட்க ஆளில்லை. தலைமை உரிமையைத் துறந்து, சாதாரணக் குடிமகனாக செரெட்ஸே 1956இல் நாடு திரும்பினார். 1965 தேர்தலில் அவர் கட்சி வென்றது. 1966 செப்டம்பர் 30 அன்று போட்ஸ்வானா விடுதலை பெற்றது.

இதை நம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சாதியின் உயிர்நிலை அகமணம் என்று 1916இலேயே ஆய்வுக் கட்டுரையில் நிறுவியவர் அம்பேத்கர். சாதியை ஒழிக்கும் மெய்யான மருந்து கலப்பு மணமே என்று 1936இல் எழுதினார். ரமாபாய் மறைந்து 13 ஆண்டுகள் கழித்து, 1948 ஏப்ரல் 15 அன்று, பிராமணக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர் சாரதா கபீரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். லண்டன் திருமணத்துக்கு ஐந்து மாதம் முன்பு. அவர்தான் சவிதா அம்பேத்கர். 1956இல் அம்பேத்கர் மறைந்த பிறகு அவர்மீது சந்தேகம் சுமத்தப்பட்டது. இயற்கை மரணம்தான் என்று அரசு விசாரணை சொன்ன பிறகும் அவர் நெடுங்காலம் ஒதுங்கி வாழ நேர்ந்தது. பின்னாளில் தலித் பாந்தர் இளைஞர்கள்தான் அவரை மீண்டும் இயக்க மேடைக்கு அழைத்து வந்தார்கள். எல்லையைக் கடந்து வரும் பெண்ணை இயக்கம் எப்படி நடத்துகிறது என்பது நாம் நமக்கே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. செரோவே சபை அந்தக் கேள்விக்கு ஆறேழு மாதங்களில் விடை மாற்றிக்கொண்டது.

இன்னொன்றையும் தலித் கண்ணோடு பார்க்க வேண்டும். செரெட்ஸே ஆளும் குலத்தவர். அதே மண்ணில் பசார்வா என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக மேல்குடியினரின் மாடு மேய்த்து, ஊதியமின்றி உழைத்தார்கள். ‘போலாட்டா’ என்று அழைக்கப்பட்ட அந்த அடிமைமுறை குறித்து 1931இல் பிரிட்டிஷ் அரசே விசாரிக்க வேண்டியிருந்தது. விடுதலை பெற்ற போட்ஸ்வானாவில், 1997இலும் 2002இலும் கலஹாரி காப்பகத்திலிருந்து அவர்களை வெளியேற்றினார்கள். தங்கள் நிலத்துக்குத் திரும்பும் உரிமையை 2006இல் உயர் நீதிமன்றத்தில் போராடிப் பெற்றார்கள். நிறத்தின் எல்லையைத் தாண்டிய ஒரு திருமணம், உள்ளூர்ப் படிநிலையைத் தானாக உடைத்துவிடாது. படத்தின் காதல் கதையில் இம்மக்களுக்கு இடமில்லை.

எனவே இப்படத்தை மாணவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். பார்த்த பிறகு காதலர்கள் நல்லவர்களா, நடிப்பு எப்படி என்பதோடு பேச்சை நிறுத்தாதீர்கள். நம் ஊரில் அந்த மூன்று தடைகளும் இன்று யார் கையில் இருக்கின்றன என்று கேளுங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணக்க விரும்புவோரின் பெயர் 30 நாள் அறிவிப்பாக ஒட்டப்படுகிறது. அந்த 30 நாளில் தேடிவரும் அரிவாளுக்கு முகவரி சொல்வதும் அந்தக் காகிதம்தான். அதை மாற்றக் கோருவதும், அந்த நாட்களில் இணையருக்குப் பாதுகாப்பான கூரை ஏற்பாடு செய்வதும், எல்லை கடந்து வருபவரை நம்மில் ஒருவராக ஏற்பதும் நம்மால் முடிந்த வேலைகள். இருவர் துணிந்துவிட்டார்கள் என்றால், மீதி வேலை சபையினுடையது.