வர்ணம் பூசுமுன் சுவரைப் பாருங்கள்

தைப் பொங்கல் நெருங்கிவிட்டதென்றால் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரே அமர்க்களந்தான். பீரோவை நகர்த்துவதும், படங்களைக் கழற்றி அடுக்குவதும், போகிக்குள் வேலை முடியவேண்டுமென்று வர்ணக்காரரிடம் கெடு வைப்பதுமாகக் குடும்பத் தலைவர்கள் படும் பாடு சொல்லி முடியாது. கூடத்துக்கு எந்த வர்ணம் என்பதைப் பற்றி நடக்கும் விவாதமோ சட்டசபை விவாதத்துக்குச் சிறிதும் இளைத்ததன்று. ஆனால் அந்த வர்ணத்தைத் தாங்கப்போகும் சுவர் எந்த நிலையில் இருக்கிறதென்று எத்தனை பேர் தொட்டுப் பார்க்கிறோம்?

"நம் பாட்டனார் காலத்தில் சுவரையா சோதித்தார்கள்?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மீண்டும் கல்லாக இறுகும் தன்மையுடையது. அதற்கு ஈரம் பகையன்று. மட்டையை எடுக்குமுன் சுவரில் தண்ணீர் தெளிப்பதுகூட வழக்கம். சுவருக்குள் இருக்கும் ஈரமும் அதன் வழியே வெளியேறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சுவருக்கு மார்கழிக் கடைசியில் வெள்ளையடித்தது அதனால்தான் பாதகமின்றி நடந்தது.

இன்று நாம் பூசும் எமல்ஷனோ வேறு ஜாதி. அது உலர்ந்ததும் மெல்லிய தோலாகச் சுவரைப் போர்த்திக்கொள்கிறது. அடியில் உதிரும் சுண்ணாம்பு இருந்தால், அந்தத் தோல் சுவரைப் பற்றாமல் பொடியைத்தான் பற்றும். சில மாதங்களில் பொரித்த அப்பளம்போல் எழும்பி உரிந்து விழும். பொருள் மாறிவிட்டது, பழக்கமும் நாளும் மட்டும் மாறவில்லை. பழியோ வர்ணக் கம்பெனியின்மீதும் வேலையாளின்மீதும் விழுகிறது.

சுவரைச் சோதிக்க நிபுணர் யாரும் வேண்டாம். உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். கரும்பலகை துடைத்த உபாத்தியாயர் கையைப்போல் வெள்ளைப் பொடி அப்பிக்கொண்டால், அந்தப் பழம்பூச்சு முழுவதையும் காரை தெரியும்வரை சுரண்டியே ஆகவேண்டும். பிறகு, முழ நீளமுள்ள பாலிதீன் தாள் ஒன்றைச் சுவரில் நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுவையுங்கள். சுவரை ஒட்டிய பக்கத்தில் நீர் துளிர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதென்று அர்த்தம். குழாய்க் கசிவோ, மொட்டைமாடி விரிசலோ, அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் காசு கரைவதுதான் மிச்சம்.

தரையோரமாக வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பலரும் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார்கள். கூடாது. தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷினால் தேய்த்துக் கூட்டி அள்ளவேண்டும். சமையலறைச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்குக்கு மட்டும் சோப்பு நீரும், பின்னர் நல்ல தண்ணீரும் தேவை.

எல்லாவற்றையும்விடக் கவலைக்குரிய விஷயம் ஒன்று உண்டு. பழைய வீடுகளின் கதவு, ஜன்னல்களிலும், சில இடங்களில் சுவரின் கீழ்ப்பாதியிலும் எண்ணெய் வர்ணம் பூசியிருப்பார்கள். அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று நமது தேசத்தில் 2016-ஆம் ஆண்டில்தான் விதி செய்யப்பட்டது. 2017 நவம்பர் 1 முதல் அது அமலுக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய வர்ணத்தைச் சந்தேகத்துடனேயே நடத்தவேண்டும். அதை உலர்ந்தபடி உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூசி தரையிலும் விளையாட்டுச் சாமான்களிலும் படிந்து, தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது. எனவே நனைத்துத்தான் தேய்க்கவேண்டும். தீயால் சுட்டு உரிப்பது அதைவிட ஆபத்து. வேலை நடக்கும் நாட்களில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறிடத்துக்கு அனுப்பிவிடுங்கள். சுரண்டிய செதிலைத் தோட்டத்தில் கொட்டாமல் பையில் கட்டி அப்புறப்படுத்தி, தரையை ஈரத்துணியால் துடையுங்கள். வேலை செய்பவருக்கு நல்ல முகமூடி வாங்கித் தருவதும் வீட்டுக்காரர் கடமையே. அவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கின்றன.

மற்றவை எளிது. விரிசலைச் சற்றே அகலப்படுத்திப் பட்டி அடைத்து, காய்ந்தபின் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டுப் பிரைமர் ஒரு கை பூசவேண்டும். புதுச் சிமெண்டுப் பூச்சானால் நான்கு வாரமாவது உலரவிடுவது அவசியம்.

கூலி பேசும்போது நம்மவர்கள் முதலில் வெட்டுவது சுரண்டுகிற நாட்களைத்தான். "இரண்டு நாளில் முடியாதா?" என்று கேட்டால் வேலையாள் முடியுமென்றுதான் சொல்வார், பூசுவதை இரண்டு நாளில் முடித்தும் விடுவார். சுரண்டுவதற்கும் உலரவிடுவதற்கும் தனியாக நாள் குறித்து, அதற்குத் தனியாகவே கூலி பேசிக்கொள்வது உத்தமம். மழையில் சுவர் ஊறியிருந்தால் இந்தப் பொங்கலுக்கு ஒட்டடை அடித்துக் கோலம் போடுவதோடு நிறுத்திக்கொண்டு, வர்ணத்தை மாசிக்கும் பங்குனிக்கும் தள்ளிவைக்கலாம். வெயில் அதற்குள் சுவரைப் பதப்படுத்திவிடும். வேலையாட்களும் அப்போது சாவகாசமாகக் கிடைப்பார்கள்.