இனிப்பூட்டி மாத்திரை எடையைக் குறைக்குமா?

தேநீரில் சர்க்கரைக்குப் பதிலாகச் சிறிய வெள்ளை மாத்திரை ஒன்றைப் போட்டுக் கலக்கும் ஆசிரியர்களை இன்று பல பள்ளிகளில் பார்க்கலாம். அவர்களில் சிலருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பலருக்கு அது இல்லை. எடை கூடிவிட்டதே என்ற கவலைதான். அறிவியல் பாடம் நடத்துபவன் என்பதால் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி வரும். "சார், இது நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல முடிவதில்லை. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் ஓரளவு தெளிவான விடை கிடைக்கிறது. எதற்குப் பதிலாக? எவ்வளவு காலத்துக்கு? யாருக்கு? இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இனிப்பு உண்டு, கலோரி இல்லை

செயற்கை இனிப்பூட்டிகளில் மிகப் பழையது சாக்கரின். 1879-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், தம் கையில் ஒட்டியிருந்த பொருள் இனிப்பதைத் தற்செயலாக உணர்ந்தார். 1965-இல் அஸ்பார்டேமும் 1976-இல் சுக்ரலோஸும் இதேபோலத் தற்செயலாகத்தான் கண்டறியப்பட்டன.

ஒரே அளவு எடுத்துக்கொண்டால் அஸ்பார்டேம் சர்க்கரையைவிட ஏறக்குறைய 200 மடங்கும், சுக்ரலோஸ் ஏறக்குறைய 600 மடங்கும் இனிக்கும். அதனால் ஒரு கோப்பைத் தேநீருக்குச் சில மில்லிகிராம் போதும். அவ்வளவு சிறிய அளவிலிருந்து உடலுக்குக் கிடைக்கும் ஆற்றல் கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவே. சீனித்துளசியிலிருந்து எடுக்கப்படும் ஸ்டீவியா தாவரப் பொருள்தான் என்றாலும், கலோரியில்லாத இனிப்பு என்ற வகையில் இதுவும் இந்தப் பட்டியலிலேயே சேரும்.

சர்க்கரையின் கணக்கு வேறு. ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி தரும். ஒரு தேக்கரண்டி என்பது சுமார் 5 கிராம், அதாவது 20 கலோரி. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நாளொன்றுக்கு நான்கு தேநீர் குடிப்பவர் தேநீர் வழியாக மட்டும் 40 கிராம் சர்க்கரை, அதாவது 160 கலோரி எடுத்துக்கொள்கிறார். 2000 கலோரி உண்பவருக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருப்பது இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான்கு கோப்பைத் தேநீரே 25 கிராம் எல்லையைத் தாண்டிவிடுகிறது.

அப்படியானால் மாத்திரைக்கு மாறியதும் எடை குறையத்தானே வேண்டும்? தாளில் போட்ட கணக்கு உடலிலும் அப்படியே நடக்கிறதா என்று ஆராய்ச்சியாளர்கள் சோதித்திருக்கிறார்கள்.

சோதனைகள் சொல்வது

2002-இல் டென்மார்க்கில் எடை மிகுந்த 41 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு குழுவுக்குச் சர்க்கரை சேர்த்த பானங்களும் உணவுகளும், மற்றொரு குழுவுக்கு அதே பொருள்கள் செயற்கை இனிப்பூட்டியுடனும் பத்து வாரங்கள் கொடுக்கப்பட்டன. சர்க்கரைக் குழுவினர் சராசரியாக 1.6 கிலோ கூடினார்கள். அவர்களது இரத்த அழுத்தமும் கூடியது. இனிப்பூட்டிக் குழுவினர் ஒரு கிலோ குறைந்தார்கள்.

2012-இல் அமெரிக்காவில் எடை மிகுந்த 318 பேரிடம் ஆறு மாதங்கள் நடந்த சோதனையில் ஒரு குழுவினர் சர்க்கரைப் பானங்களுக்குப் பதிலாகத் தண்ணீர் குடித்தார்கள். இன்னொரு குழுவினர் இனிப்பூட்டி கலந்த பானங்களைக் குடித்தார்கள். இரண்டு குழுவினரும் தங்கள் எடையில் ஏறக்குறைய 2 முதல் 2.5 விழுக்காடு குறைந்தார்கள். தண்ணீர் செய்த வேலையைத்தான் இனிப்பூட்டிப் பானமும் செய்தது.

எல்லா இனிப்பூட்டிகளும் ஒன்றல்ல என்பதை 2019-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு காட்டியது. எடை மிகுந்த 123 பேர் பன்னிரண்டு வாரங்கள் வெவ்வேறு இனிப்புப் பானங்களைக் குடித்தார்கள். சர்க்கரை குடித்தவர்களுக்கு எடை கூடியது எதிர்பார்த்ததுதான். ஆனால் சாக்கரின் குடித்தவர்களுக்கும் ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. சுக்ரலோஸ் குழுவில் அப்படிக் கூடவில்லை.

நம் ஊர்த் தேநீர், காபிப் பழக்கத்தை வைத்துச் சென்னையிலும் ஆய்வு நடந்திருக்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 179 பேரிடம் பன்னிரண்டு வாரங்கள் நடந்த அந்த ஆய்வு 2024-இல் வெளியானது. அன்றாடப் பானங்களில் சர்க்கரைக்குப் பதிலாகச் சுக்ரலோஸ் சேர்த்தவர்களுக்கு எடையும் இடுப்புச் சுற்றளவும் சிறிதளவு குறைந்தன. மூன்று மாத இரத்தச் சர்க்கரைச் சராசரியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இத்தகைய சோதனைகளை உலக சுகாதார நிறுவனம் தொகுத்துப் பார்த்தபோது, இனிப்பூட்டி பயன்படுத்தியவர்களின் எடை மற்றவர்களைவிடச் சராசரியாக 0.71 கிலோ குறைவாக இருந்தது. ஒரு கிலோகூட இல்லை. அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை மூன்று மாதத்துக்குள் முடிந்தவை.

சிறப்பு வகுப்பு மதிப்பெண்ணைக் குறைக்கிறதா?

வேறொரு வகை ஆய்வும் உண்டு. ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, அவர்கள் என்ன உண்கிறார்கள், அவர்களுக்கு என்ன நோய் வருகிறது என்று குறித்துவைப்பது. அத்தகைய ஆய்வுகளில், இனிப்பூட்டி அதிகம் பயன்படுத்துவோரிடம் எடை மிகுதியும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுதலாகக் காணப்பட்டன. ஒருபக்கம் எடை குறைகிறது என்கிறார்கள், மறுபக்கம் கூடுகிறது என்கிறார்கள். எதை நம்புவது?

நமக்குப் பழக்கமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாலைச் சிறப்பு வகுப்புக்கு வரும் மாணவர்களின் சராசரி மதிப்பெண்ணையும் வராதவர்களின் சராசரியையும் ஒப்பிடுங்கள். வருபவர்களின் சராசரி குறைவாகத்தான் இருக்கும். அதைக் காட்டி, "சிறப்பு வகுப்புதான் மதிப்பெண்ணைக் குறைக்கிறது" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா? மதிப்பெண் குறைந்ததால்தானே அவர்கள் சிறப்பு வகுப்புக்கே வந்தார்கள்!

இனிப்பூட்டியிலும் இது நடக்கலாம். எடை கூடியவர்களும், "உங்களுக்குச் சர்க்கரை எல்லையில் இருக்கிறது" என்று மருத்துவர் எச்சரித்தவர்களும்தான் மாத்திரையைத் தேடிப் போகிறார்கள். ஆகவே மாத்திரையும் நோயும் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. அதற்காக அந்த ஆய்வுகளை ஒதுக்கிவிடவும் முடியாது. இஸ்ரேலில் நலமாக உள்ள 120 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான சோதனையில், இரண்டு வாரங்கள் சாக்கரின் அல்லது சுக்ரலோஸ் எடுத்தவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறனில் சற்றுப் பின்னடைவு காணப்பட்டது. குடல் நுண்ணுயிரிகளிலும் மாற்றம் தெரிந்தது.

இவ்வளவையும் எடைபோட்ட பிறகு, எடைக் கட்டுப்பாட்டுக்காக இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. சான்றுகள் உறுதியாக இல்லாததால் அது நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரைதான். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் அந்த நிறுவனமே கூறியுள்ளது. இந்த இரண்டாவது பகுதி நம் வாட்ஸ்அப் குழுக்களில் வந்து சேரவில்லை.

புற்றுநோய்ச் செய்தி

அடுத்த இரண்டே மாதத்தில், 2023 ஜூலையில், அஸ்பார்டேம் "புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சாத்தியம் உள்ளது" என்ற பிரிவில் சேர்க்கப்பட்டது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் அந்த 2பி பிரிவு, சான்று குறைவாக உள்ள பொருள்களுக்கானது. அந்தப் பொருளால் தீங்கு நேர வாய்ப்புண்டா என்பதை மட்டுமே அது சொல்லும். எவ்வளவு உட்கொண்டால் என்பதைச் சொல்லாது. அளவைக் கணக்கிடும் மற்றொரு வல்லுநர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய எல்லையை மாற்றத் தேவையில்லை என்று அதே நாளில் அறிவித்தது.

எங்கள் பள்ளியில் எல்லை நிலைச் சர்க்கரை உள்ள ஆசிரியர் ஒருவர், செய்தியைப் படித்த அன்றே மாத்திரை டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டார். தேநீருக்கு மீண்டும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. நாங்கள் இருவரும் கரும்பலகையில் கணக்குப் போட்டோம். அவர் எடை 60 கிலோ. எல்லை 2400 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் 20 மில்லிகிராம் அஸ்பார்டேம் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 120 மாத்திரை. அவர் போட்டது நான்கு. "அப்போ சர்க்கரைக்குத் திரும்பினதுதான் வம்பா?" என்றார். ஆம். உறுதியாகத் தெரியாத ஓர் அபாயத்துக்கு அஞ்சி, நன்றாகத் தெரிந்த அபாயத்துக்குத் திரும்புவது லாபமல்ல. மாத்திரையும் வேண்டாம் என்று முடிவெடுத்தால் சர்க்கரையையும் குறைக்க வேண்டும். அவர் அதைத்தான் செய்தார்: வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வந்தார்.

மிச்சமான கலோரி எங்கே போகிறது?

மாத்திரையால் மிச்சமாகும் கலோரி மிச்சமாகவே இருந்தால்தான் எடை குறையும். "சர்க்கரை போடலையே, ஒரு வடை சாப்பிட்டா என்ன?" என்று நினைத்தால் அந்தக் கணக்கு அங்கேயே நேராகிவிடும். எண்ணெயில் பொரித்த ஒரு வடை, மிச்சப்படுத்தியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

கடைகளில் "சர்க்கரை இல்லாதது" என்று விற்கும் பிஸ்கட்டிலும் இனிப்பிலும் மைதாவும் கொழுப்பும் இருக்கின்றன. உறையின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்து ஊட்டச்சத்துப் பட்டியலே உண்மையைச் சொல்லும். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவற்றுக்கு மாறினால் எடை குறையும் என்பதும் பரவலாக உள்ள நம்பிக்கை. சிறிதளவு தாதுக்கள் இருந்தாலும் இவற்றில் பெரும்பகுதி சர்க்கரையே. கலோரியில் பெரிய வேறுபாடு இல்லை.

கவனிக்க வேண்டியவர்கள்

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தவிர்க்க வேண்டும்.

பள்ளியில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது ஒன்றுண்டு. இன்சுலின் போடும் மாணவருக்கோ ஆசிரியருக்கோ இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கினால் உடனே தர வேண்டியது குளுக்கோஸ் அல்லது உண்மையான சர்க்கரை: சுமார் 15 கிராம், மூன்று தேக்கரண்டி. இனிப்பூட்டி மாத்திரையோ சர்க்கரை இல்லாத பானமோ அந்த நேரத்தில் எந்தப் பயனும் தராது. மயங்கிவிட்டவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

வகுப்பறைக்கு

தொடக்க வகுப்புகளில் காலி உறைகளைக் கொண்டுவரச் சொல்லி, சர்க்கரை அளவைத் தேக்கரண்டியாக மாற்றிக் காட்டலாம். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் என்று உறையில் இருந்தால், 300 மில்லிலிட்டர் பாட்டிலில் 30 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. உயர்நிலை வகுப்புகளில் உறையிலுள்ள குறியீட்டு எண்களைத் தேடச் சொல்லலாம்: 950 அசிசல்ஃபேம் பொட்டாசியம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா. சர்க்கரை குறைந்த பல பொருள்களில் இவற்றுள் ஒன்றோ இரண்டோ இருப்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். "சேர்ந்து காணப்படுவது வேறு, காரணமாக இருப்பது வேறு" என்பதற்குச் சிறப்பு வகுப்பு எடுத்துக்காட்டு ஒன்பதாம் வகுப்புக்கே புரியும்.

இனி என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை விட முடியாமல் தவிக்கும் பெரியவருக்கு, இனிப்பூட்டி சில மாதங்களுக்குக் கைத்தடியாக உதவலாம். எடையைக் குறைக்கும் மருந்து அது அல்ல. நாக்கு பழகக்கூடியது. சில வாரங்களில் ஒரு தேக்கரண்டிக்கும், பிறகு அரைத் தேக்கரண்டிக்கும் அது ஒத்துக்கொள்ளும். தாகத்துக்குத் தண்ணீரும் மோரும் இருக்கின்றன. குழந்தைகளுக்கு அந்தக் கைத்தடியே தேவையில்லை. குறைந்த இனிப்பிலேயே அவர்கள் நாக்கு பழகட்டும்.