எஞ்சினுக்குப் பின்னால் வரும் சரித்திரம்

உலகத்து நீராவி எஞ்சின்களுள் அதிகப் பிரசித்தி பெற்றது எது என்று பிரிட்டனில் யாரைக் கேட்டாலும் பெரும்பாலோர் தயங்காமல் சொல்லும் பெயர் 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' என்பதாகும். நைஜல் கிரெஸ்லி என்ற நிபுணரின் திட்டப்படி 1923-ஆம் வருஷத்தில் டான்காஸ்டர் தொழிற்சாலையில் உருவாகி, நாற்பது வருஷம் உழைத்து ஓய்ந்து, இரும்புக்கடைக்குப் போக இருந்த தறுவாயில் ரயில் அபிமானி ஒருவரால் காப்பாற்றப்பட்டு, இப்போது அந்நாட்டுத் தேசிய ரயில்வே மியூசியத்தின் உடைமையாக விளங்கும் இந்த எஞ்சின், கரும்பச்சை வர்ணமும், 60103 என்ற எண்ணும், இரட்டைப் புகைபோக்கியும், அதன் இரு பக்கமும் புகையை மேலே ஒதுக்கும் தகடுகளுமாகப் புறப்பட்டு வரும்போது, 1960-களின் தொடக்கத்தில் ஓடிய ரயில் ஒன்று அப்படியே கண்முன் வந்துவிட்டதாகவே ஜனங்கள் எண்ணி மகிழ்கிறார்கள். ஆனால் அதன் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து வரும் வண்டியைக் கவனித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வேறொரு விஷயம் தெரியும்: இந்தக் கோலத்தில் இந்த எஞ்சின் அந்தக் காலத்தில் ஒரு நாள்கூட ஓடியதில்லை.

பின்னால் வரும் அந்த வண்டிக்குத்தான் 'டெண்டர்' என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் சர்க்கார் காரியாலயங்களில் கோரும் ஒப்பந்தப் புள்ளிகளே நமக்கு ஞாபகம் வருவது இயல்பு. ரயில்வேக்காரர்களின் பாஷையில் அதற்குப் பொருள் வேறு. நீராவி எஞ்சினின் அடுப்புக்கு எரிபொருளும் கொதிகலனுக்குத் தண்ணீரும் ஓயாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்த தூரம் ஓடுகிற எஞ்சின்கள் இவ்விரண்டையும் தம் உடம்பிலேயே சுமந்துகொள்ளும். பல்சக்கரத்தால் பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு மலையேறும் நம் நீலகிரி எஞ்சின் அந்த ஜாதியைச் சேர்ந்தது, ஆகையால் அதற்கு டெண்டர் கிடையாது. நூற்றுக்கணக்கான மைல் போக வேண்டிய எஞ்சினுக்கோ தனி வண்டி இல்லாமல் முடியாது. நடுவில் நிலக்கரி, அதன் அடியிலும் சுற்றிலும் தண்ணீர்த் தொட்டி என்று அமைந்த அந்த வண்டியிலிருந்து ஃபயர்மேன் கரியை அள்ளித் திரும்பி அடுப்பில் எறிவான்.

டெண்டரின் அளவையும் வடிவத்தையும் நிச்சயித்தது பெரும்பாலும் அந்தந்தப் பாதையின் தண்ணீர் வசதிதான். ஜான் ராம்ஸ்பாட்டம் என்பவர் 1860-இல் வட வேல்ஸில் மோக்டிரி என்ற ஊருக்கு அருகே தண்டவாளங்களின் நடுவே நீண்ட தொட்டி ஒன்றை அமைத்து, ஓடுகிற ரயில் நிற்காமலே தன் டெண்டரின் அடியில் உள்ள அகப்பையை இறக்கித் தண்ணீரை வாரிக்கொள்ளும்படி செய்தார். அத்தகைய தொட்டிகள் உள்ள பாதைகளில் சிறிய டெண்டரே போதுமானதாக இருந்தது. தொட்டிகளே அமைக்காத லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்ன் கம்பெனியின் எஞ்சின்களோ எட்டுச் சக்கரம் பூட்டிய பெரிய டெண்டர்களை இழுத்துச் சென்றன. அவற்றைத் தொழிலாளர்கள் தண்ணீர் வண்டி என்றே அழைத்தார்கள். ஆகவே டெண்டரைப் பார்த்தால், அது எந்தப் பாதையில், எந்தக் காலத்தில், எவ்வகை வேலைக்காக ஓடியது என்பதையெல்லாம் ஊகிக்கலாம்.

ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் விஷயத்துக்கு வருவோம். அது பிறந்தபோது அதனுடன் வந்தது பழைய கிரேட் நார்தர்ன் கம்பெனி பாணியில் அமைந்த எட்டுச் சக்கர டெண்டர். 1928-இல் லண்டனிலிருந்து எடின்பரோ வரை 392 மைல் தூரத்தையும் இடையில் எங்கும் நிற்காமல் கடப்பதென்று அதை ஓட்டிவந்த ரயில் கம்பெனி தீர்மானித்தது. எட்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட அந்தப் பிரயாணம் முழுவதும் ஒரே டிரைவரும் ஒரே ஃபயர்மேனும் நின்று வேலை செய்வது மனித சக்திக்கு மீறியது. ரயிலை நிறுத்தாமல் ஆள் மாற்றவும் அதுவரையில் வழி இருக்கவில்லை. டெண்டருக்குள்ளேயே ஒரு நடைபாதை அமைத்துவிட்டால், முன் பெட்டியில் இளைப்பாறிக்கொண்டிருக்கும் இன்னொரு ஜோடி அதன் வழியாக எஞ்சினுக்கு வந்து வேலையை ஏற்றுக்கொள்ளலாம் என்பது கிரெஸ்லியின் யோசனை. ஐந்து அடி உயரமும் பதினெட்டு அங்குல அகலமும் கொண்ட அந்த இருண்ட சந்து, ஒன்பது டன் கரியும் ஐயாயிரம் காலன் தண்ணீரும் கொள்ளும் டெண்டரின் ஒரு பக்கத்தில் அமைந்தது. ஒரு மனிதன் எவ்வளவு குறுகிய இடத்தில் ஊர்ந்து செல்ல முடியும் என்று அறிய, கிரெஸ்லி தம் வீட்டுச் சாப்பாட்டு நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாக வைத்து, அந்த இடுக்கில் தாமே நுழைந்து பார்த்தார் என்று ஒரு செய்தி வழங்கி வருகிறது. 1928 மே 1-ஆம் தேதி அந்த டெண்டருடன் புறப்பட்ட எஞ்சின் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன். 1934 நவம்பர் 30-இல் மணிக்கு நூறு மைல் வேகத்தை எட்டியதாக முறையாகப் பதிவு பெற்றபோதும் அதன் பின்னால் நடைபாதை டெண்டரே இருந்தது.

1936 அக்டோபரில் அந்த டெண்டர் அதை விட்டுப் பிரிந்தது. பழைய பாணி டெண்டரே மறுபடியும் வந்து சேர்ந்தது. 1938 ஜூலையில் அதுவும் போய், காற்றைக் கிழித்துச் செல்லும்படி வழவழப்பாக அமைந்த, ஆனால் நடைபாதை இல்லாத டெண்டர் ஒன்று வந்தது. 1963 ஜனவரியில் ரயில்வே அதை ஓய்வுபெறச் செய்த நாள் வரை அவ்வகை டெண்டரே அதற்குத் துணை. அப்போது மூவாயிரம் பவுன் கொடுத்து அதை வாங்கிய ஆலன் பெக்ளர், தம் மனத்தில் பதிந்திருந்த பழைய புகழின் வடிவத்தையே உலகுக்குக் காட்ட விரும்பி, இரட்டைப் புகைபோக்கியையும் புகைத் தகடுகளையும் அகற்றி, இளம்பச்சை வர்ணம் பூசி, 4472 என்ற பழைய எண்ணை எழுதி, நடைபாதை டெண்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். அந்தக் காரியத்தில் அவருக்கிருந்த அன்பை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். ஆயினும் 1947-இல் புதிய கொதிகலன் பொருத்தி வேறு வகையாக மாற்றியமைத்த பிறகு அந்த எஞ்சின் 4472 என்ற எண்ணைத் தாங்கியதே இல்லை. எனவே பெக்ளர் உருவாக்கிய உருவம், ஒரு தலைமுறை முழுவதும் அதையே உண்மை என்று நம்பியிருந்தபோதிலும், 1963-க்கு முன் யாரும் கண்டிராதது. மியூசியம் 2004-இல் அதை வாங்கி, 42 லட்சம் பவுன் செலவில் புதுப்பித்து 2016-இல் ஓட விட்டபோது, 1960-களின் கோலத்தைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் பின்னால் இருப்பது 1928-இல் தோன்றிய நடைபாதை டெண்டர். முன்பாதி ஒரு காலம், பின்பாதி மற்றொரு காலம்.

இதைக் கேட்டவுடன், டெண்டரை மாற்றியதே ஒரு பிழை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டெண்டர் மாற்றம் என்பது நீராவி யுகத்தின் அன்றாட நடைமுறை. எஞ்சின் பெரிய பழுதுபார்ப்புக்காகத் தொழிற்சாலைக்குள் நுழைந்தால், கொதிகலனைக் கழற்றி, குழாய்களை மாற்றி, சக்கரங்களைக் கடைந்து முடிக்கப் பல வாரங்கள் ஆகும். டெண்டரின் தொட்டியையும் சக்கரங்களையும் செப்பனிட அவ்வளவு நாள் வேண்டாம். முன்னதாகவே தயாராகிவிட்ட டெண்டரைச் சும்மா நிறுத்திவைப்பது நஷ்டம் என்பதால், வெளியே புறப்படுகிற எஞ்சின் எதுவோ அதற்கு அதை மாட்டி அனுப்பிவிடுவார்கள். இதற்காகவே பல கம்பெனிகள் டெண்டருக்கென்று தனி எண்ணும் தனித் தகடும் கொடுத்து, எந்த எண் டெண்டர் எந்தத் தேதியில் எந்த எஞ்சினுடன் சேர்ந்தது என்று அட்டைகளில் குறித்து வந்தன. டெண்டரை எஞ்சினோடு ஒட்டிப் பிறந்த அங்கமாக நினைப்பது நாம். அதை ஆக்கியவர்கள் அப்படி நினைத்ததில்லை.

லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேயின் 'ஜூபிலி' வகை எஞ்சின்கள் இதற்கு நல்ல உதாரணம். 1934 முதல் 1936 வரை கட்டிய 191 எஞ்சின்களுக்கும் அன்றைய சாம்ராஜ்யத்து நாடுகள், மாகாணங்கள், கடற்படைத் தலைவர்கள் முதலிய பெயர்களைச் சூட்டினார்கள். 'மதராஸ்', 'மைசூர்', 'திருவாங்கூர்', 'சிலோன்' என்ற பெயர்ப் பலகைகளைத் தாங்கிய எஞ்சின்கள் இங்கிலாந்தின் மழையிலும் பனியிலும் ஓடின என்பதை அறியும்போது நமக்கு ஒரு விசித்திரமான சொந்தம் தோன்றுகிறது. இவ்வகையில் சிலவற்றுக்கு முந்திய பொறியாளரான ஃபவுலர் காலத்துச் சிறிய டெண்டரையே மாட்டினார்கள். எஞ்சினின் அறை அகலமாகவும் டெண்டர் ஒடுக்கமாகவும் இருந்தமையால், தம்பி சட்டையை அண்ணன் போட்டதுபோல அந்தப் பொருத்தமின்மை தூரத்திலிருந்தே தெரியும். பிற்காலத்தில் அவற்றுள் சில, சரக்கு எஞ்சின்களோடு இருந்த பெரிய டெண்டர்களைப் பெற்றன. மதராஸும் திருவாங்கூரும் இன்று இல்லை. மிஞ்சியவை கோலாப்பூர், பஹாமாஸ், லியாண்டர், கலாட்டியா என்ற நான்கு மட்டுமே.

கலாட்டியாவும் லியாண்டரும் தப்பிய கதை, டெண்டர் பிரச்சினையின் மற்றொரு வேரைக் காட்டும். தென் வேல்ஸில் பாரி என்ற துறைமுக ஊரில் டாய் வுட்ஹம் என்பவரின் பழைய இரும்புக் கிடங்குக்கு 297 எஞ்சின்கள் வந்து சேர்ந்தன. பழைய சரக்கு வண்டிகளை உடைப்பதிலேயே அவருக்கு வேலை நிறைந்திருந்ததால் எஞ்சின்கள் வருஷக்கணக்கில் கடற்காற்றில் துருப்பிடித்துக்கொண்டு நின்றன. அந்தத் தாமதமே அவற்றுக்கு உயிர்ப்பிச்சையாயிற்று. 1968 முதல் 1990 வரை ஒவ்வொன்றாக 213 எஞ்சின்களைப் பொதுஜன சங்கங்கள் விலைக்கு வாங்கி மீட்டன. ஆனால் அதற்குள் பல டெண்டர்கள் அங்கிருந்து போய்விட்டன: உறுதியான சக்கரங்களும் சட்டமும் உள்ள அவற்றை, இரும்புப் பாளங்களைச் சுமக்கும் வண்டிகளாக உருக்காலைகள் வாங்கிக்கொண்டன. எஞ்சினை மீட்டவர்களுக்கு டெண்டர் இல்லை. வேறு வகை எஞ்சினின் டெண்டரைத் தேடி வாங்குவது, பழைய சட்டத்தின்மேல் புதிய தொட்டி கட்டுவது, அல்லது முழுவதையும் புதிதாகச் செய்வது என்பவற்றைத் தவிர அவர்களுக்கு வேறு கதி இருக்கவில்லை. பற்றவைத்துச் செய்த புதிய தொட்டியின்மேல் பழைய தோற்றம் வரும்பொருட்டு வெறும் ரிவெட் தலைகளை வரிசையாக ஒட்டிவைப்பதும் உண்டு. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை இந்த உழைப்பில் கழித்த தொண்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் விவாதிப்பதற்கு எஞ்சினே இருந்திராது.

எனினும் ஒரு கேள்வி நிற்கிறது. சரித்திர யதார்த்தம் என்பது என்ன? எஞ்சின் பிறந்த நாளின் கோலமா, புகழ் பெற்ற நாளின் கோலமா, கடைசி நாளின் கோலமா? 1938 ஜூலை 3-ஆம் தேதி மணிக்கு 126 மைல் ஓடி நீராவி எஞ்சின்களின் உலக சாதனையை நிலைநாட்டிய 'மல்லார்ட்' விஷயத்தில் இதற்குத் தெளிவாக விடை கண்டார்கள்: அந்த நாளின் நீல வர்ணத்தையும், இடையில் கழற்றிவிட்டிருந்த பக்கத் தகடுகளையும் மறுபடி அமைத்து, நடைபாதை இல்லாத டெண்டரையும் சேர்த்து, ஒரே காலத்தைக் காட்டும்படி செய்தார்கள். அதிலும்கூட, சாதனையைக் குறிக்கும் பலகைகள் பக்கத்தில் பதிந்திருக்கின்றன. அவை 1948-இல் வந்தவை. 'ராயல் ஸ்காட்' எஞ்சினின் கதை இன்னும் சிக்கலானது: 1933-இல் சிகாகோ கண்காட்சிக்கு அமெரிக்கா போனது 6152 என்ற எண்ணுடன் பிறந்த வேறொரு எஞ்சின், அது 6100 என்ற எண்ணையும் ராயல் ஸ்காட் என்ற பெயரையும் பூண்டு கப்பலேறி, திரும்பி வந்த பிறகும் அவற்றைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆகவே இன்று நாம் காணும் ராயல் ஸ்காட் பெயரளவில் ஒன்று, பிறப்பால் மற்றொன்று.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிக்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. ஒரு பாட்டுக்கு மூன்று ஏடுகளில் மூன்று பாடம் இருந்தால், நல்ல பதிப்பாசிரியர் ஒன்றைத் தேர்ந்து மூலத்தில் வைத்து மற்றவற்றைப் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் காட்டுவார். மூன்றிலும் இனிமையான சொற்களைப் பொறுக்கிச் சேர்த்துப் புதிய பாட்டொன்றைத் தாமே கட்டி, இதுவே கவி பாடியது என்று சாதிக்க மாட்டார். எஞ்சினுக்கும் அந்த நேர்மை வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். வேறு டெண்டர் மாட்டுவது குற்றமல்ல. மாட்டியதைச் சொல்லாமல் இருப்பதே குற்றம். அதைவிடப் பெரிய குற்றம், தோற்றம் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பழைய டெண்டர் ஒன்றை வெட்டி வேறு உருவமாக்குவது; அப்போது ஒரு எஞ்சினுக்கு அழகு சேர்க்க மற்றொன்றின் சாட்சியத்தை அழித்துவிடுகிறோம். கட்டடங்களைப் பேணுவதற்கு 1964-இல் வகுத்த வெனிஸ் சாசனத்தின் அடியொற்றி, ஐரோப்பிய மரபு ரயில்வேக்களின் கூட்டமைப்பு 2005-இல் ரீகா சாசனம் என்ற ஒழுங்கை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பழைய பாகங்களை மதிக்க வேண்டும் என்பதும், செய்யும் மாறுதல்களை எழுதி வைக்க வேண்டும் என்பதும் அதன் சாரம்.

எந்த ஊர் ரயில் மியூசியத்துக்குப் போனாலும், எஞ்சினின் பெயர்ப் பலகையோடு திரும்பிவிடாமல், பின்னால் நடந்து சென்று டெண்டரின் சட்டத்தையும் பின்பக்கத்தையும் பாருங்கள். தகடு இருந்தால் அதில் உள்ள எண்ணைப் படித்து, இது எப்போது எந்த எஞ்சினிடமிருந்து வந்தது என்று அங்குள்ளவர்களைக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த எண் முன்னால் நிற்கும் எஞ்சினின் எண்ணாக இராது.